செத்த மீன் சொன்ன பாடம்

மூளைப் படத்தில் ஒளிரும் வண்ணத் திட்டுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்த பிரஜைக்குப் புகைப்படங்கள் காட்டப்பட்டன. படத்தில் உள்ளவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க வேண்டும். சற்று வித்தியாசமான பிரஜை. நீளம் ஒன்றரை அடி, எடை 2 கிலோவுக்கும் குறைவு, உயிர் கிடையாது. அது ஒரு சால்மன் மீன். ஆனாலும் அதன் மூளையில் ஒரு சிவப்புத் திட்டு ஒளிர்ந்தது.

அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் பென்னெட்டும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட இந்த முடிவுக்கு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான இக்நோபல் பரிசு 2012இல் கிடைத்தது. மீன் யோசித்தது என்பதல்ல அவர்கள் வாதம். கணக்கில் கவனம் தவறினால் செத்த மீனும் 'யோசிக்கும்' என்பதுதான்.

காரணம் எளிது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் பாய்கிறது. அதனால் ஏற்படும் மிக நுண்ணிய காந்த மாற்றத்தைத்தான் கருவி பதிவு செய்கிறது. கம்ப்யூட்டர் மூளையைச் சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கிறது. ஆயிரத்தில் ஒரு தவறை அனுமதித்தால், 50,000 கட்டங்களில் 50 வெறும் தற்செயலாகவே ஒளிரும். ஊரே கூடி நாணயம் சுண்டினால், யாரோ ஒருவருக்குப் பத்து முறையும் தலையே விழுவதைப் போல.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி: தனிக் கட்டத்தை நம்பாதே, கூட்டமாக ஒளிர்வதை நம்பு. ஆனால் எவ்வளவு பெரிய கூட்டம்? அதைச் சொல்லும் புரோகிராம்களையே சந்தேகித்தார் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் எக்லுண்ட். சும்மா படுத்திருந்த 499 ஆரோக்கியமானவர்களின் பதிவுகளை எடுத்து, இஷ்டத்துக்குக் குழு பிரித்து, சுமார் 30 லட்சம் முறை ஒப்பிட்டது அவரது குழு. வித்தியாசமே இருக்கக் கூடாது. நூற்றுக்கு 5 தவறுகள் வரலாம் என்பது உத்தரவாதம். தளர்வான சல்லடையில் சில சோதனைகளில் 70 வரை போனது! புரோகிராம் ஒன்றில் 15 ஆண்டுகளாக ஒளிந்திருந்த பிழையும் அகப்பட்டது. 2015இல் அது திருத்தப்பட்டது.

2016இல் முடிவு வெளியானபோது 40,000 ஆய்வுகள் கேள்விக்குள்ளாயின என்று பரபரப்பு. பின்னர் அந்த வாசகம் திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவை சுமார் 3,500 இருக்கலாம் என்பது குழுவில் ஒருவரான தாமஸ் நிக்கோல்ஸின் மதிப்பீடு.

சல்லடையைத் தாண்டிய திட்டையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரிய திட்டு பல பகுதிகள்மீது படர்ந்திருந்தால், அதற்குள் எங்கோ செயல்பாடு இருக்கிறது என்று மட்டுமே பொருள். எல்லாப் பகுதிகளும் இயங்கின என்று பொருளல்ல.

சல்லடையை இறுக்கிக்கொண்டே போவதும் தீர்வல்ல. உண்மையான ஒளியும் காணாமல் போகும். மூளைக் கட்டியை அகற்றும் முன் பேச்சுக்கான பகுதி எங்கே என்று பார்க்கவும் இந்தப் படம் பயன்படுகிறது. அங்கே ஒரு திட்டைத் தவறவிட்டால் நோயாளி பேச்சையே இழக்கலாம். அதனால்தான் சிக்கலான இடங்களில் நோயாளியை விழிப்புடன் பேசவைத்து, மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்த பிறகே டாக்டர்கள் கத்தியை நகர்த்துகிறார்கள். படம் வழி காட்டும், தீர்ப்பு சொல்லாது.