கழிவறைத் தொட்டியில் கசிந்து போகும் காவிரி

பெங்களூரில் வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீரின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து எழுந்து, குடம் குடமாகப் பிடித்து வைத்து, மாதக் கடைசியில் லாரித் தண்ணீருக்குப் பங்குப் பணம் கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். சமையலறைக் குழாய் சொட்டினால் ஓடிப் போய் இறுக்குகிறார்கள். ஆனால் கழிவறையில், மூடி போட்ட தொட்டிக்குள்ளிருந்து இராப் பகலாக வெளியேறும் தண்ணீர் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அது தரையை நனைப்பதில்லை. பீங்கானின் உட்புறமாக வழிந்து நேரே சாக்கடைக்குப் போய்விடுகிறது.

இந்த நஷ்டத்துக்குப் பெரும்பாலும் காரணம், தேய்ந்துபோன ஒரு ரப்பர் வாஷர். அதை மாற்ற அரை மணி நேரம் போதும்.

எவ்வளவு நஷ்டம்?

காவிரித் தண்ணீர் பெங்களூருக்கு வந்தது 1974-ம் ஆண்டில். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு, மூன்று கட்டமாக பம்பு செய்து ஏற்றப்படும் தண்ணீர் அது. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிதண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. 8,000 லிட்டர் லாரித் தண்ணீருக்கு, 5 கிலோமீட்டர் தூரத்துக்குள், 700 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்ததும் அப்போதுதான்.

இனி கணக்குப் பார்க்கலாம். கால் மணி நேரத்தில் 3 லிட்டர் கசிகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 288 லிட்டர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தேவை என்பது நகரங்களுக்கு வகுக்கப்பட்ட அளவு. ஆக, இரண்டு பேருடைய பங்கு வீணாகிறது. முப்பது நாளில் 8,640 லிட்டர். ஒரு லாரித் தண்ணீர்!

அந்தக் காலத் தொட்டி

சுவரின் உச்சியில் இரும்புத் தொட்டி, அதில் தொங்கும் சங்கிலி. பழைய குவார்ட்டர்ஸ்களில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். உள்ளே மணி போன்ற ஒரு மூடி. சங்கிலியை இழுத்து விட்டால், அது தண்ணீரை நடுக்குழாய்க்கு மேலே தள்ளிவிடும். பிறகு தண்ணீர் தானாகவே உறிஞ்சப்பட்டு இறங்கும். அடியில் வாஷர் இல்லாததால் அங்கே கசிய வழியில்லை. ஆனால் ஒரு தடவைக்கு 10 லிட்டருக்கு மேல் செலவாகும்.

இன்றைய தொட்டிகளில் இரண்டு பொத்தான்கள். ஒன்றுக்கு 3 லிட்டர், மற்றொன்றுக்கு 6 லிட்டர். பொத்தானை அழுத்தினால் நடுவில் உள்ள வால்வு மேலே எழும்பும். தண்ணீர் இறங்கியதும் கீழே உட்கார்ந்து துவாரத்தை அடைக்கும். அடைப்பது வாஷர்தான். சிக்கனத்துக்காக வந்த தொட்டி, வாஷர் தேய்ந்துவிட்டால் ஊதாரியாகிவிடுகிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

இரவு எல்லோரும் படுத்த பிறகு, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் சில துளிகளைத் தொட்டித் தண்ணீரில் விட வேண்டும். பொத்தானைத் தொடக் கூடாது. அரை மணி கழித்துப் பீங்கானில் நீல நிறம் தெரிந்தால், கசிவு இருக்கிறது.

கசிவது எங்கே என்பதையும் பார்க்க வேண்டும். தொட்டிக்கு வரும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, உள்ளே நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு. சிறிது நேரத்தில் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கினால், குற்றவாளி அடி வாஷர். இறங்காமல் நின்று, காக்கைத் திறந்ததும் தண்ணீர் நடுக்குழாயின் மேல்வாய் வழியாக வழிந்தால், கோளாறு மிதவையில். மிதவையைச் சற்றுத் தாழ்த்தி, குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி செய்ய வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் மிதவை வால்வின் வாஷர் போயிருக்கும்.

மாற்றுவது எப்படி?

ஆங்கிள் காக்கை மூடி, பொத்தானை அழுத்தித் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். மூடியைக் கழற்றி, கால் படாத இடத்தில் துணி விரித்து வைக்க வேண்டும். பீங்கான் மூடி உடைந்தால் தனியாகக் கிடைப்பது சிரமம். நடு வால்வைப் பிடித்து இடது பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால், பெரும்பாலான தொட்டிகளில் அது பூட்டு விட்டு மேலே வந்துவிடும். அதன் அடியில் இருக்கும் வட்டமான வாஷரைக் கையாலேயே உருவலாம்.

ஆழ்குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளில் வாஷர் நன்றாகவே இருக்கும். அது உட்காரும் விளிம்பில் உப்புப் படிந்திருக்கும். வினிகரில் அல்லது எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் ஊற வைத்துத் துடைத்தால் போதும். கத்தியால் சுரண்டினால் விளிம்பில் கீறல் விழுந்து, புது வாஷரும் பயன்படாது.

வாஷர் கறுத்து, விறைத்து, பள்ளம் விழுந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். கடைக்குப் பழைய வாஷரையே மாதிரியாக எடுத்துச் செல்வது உத்தமம். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். கடை மூடியிருந்தால், பழையதையே புரட்டிப் போட்டு இரண்டொரு நாள் சமாளிக்கலாம். கிரீஸ், வாசலைன் தடவினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

புதியதை மாட்டி, வால்வை இறக்கி, வலப் பக்கமாகத் திருப்பிப் பூட்டி, காக்கை மெதுவாகத் திறக்க வேண்டும். பிறகு மறுபடியும் நீலச் சோதனை. நிறம் இறங்காவிட்டால் வேலை முடிந்தது.

சில எச்சரிக்கைகள்

மணத்துக்கென்று தொட்டிக்குள் போடும் குளோரின் வில்லைகள் வாஷரை அரித்துவிடும். பிளாஸ்டிக் மரைகளை ஸ்பேனர் போட்டு முறுக்கக் கூடாது. தொட்டியே விரிசல் விட்டிருந்தாலோ, சுவருக்குள் பதித்த தொட்டியாக இருந்தாலோ பிளம்பரைக் கூப்பிடுவதே நல்லது. முழு வால்வையும் மாற்றுவதானால், முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தால், அட்வான்ஸைத் திருப்பி வாங்கும் நாளில் வாக்குவாதம் இராது.

வாஷரின் விலை ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் அடங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாலு சொட்டு நீலம் விட்டுப் பார்ப்பதற்கு அந்தச் செலவும் கிடையாது. லாரித் தண்ணீருக்குப் பங்கு கேட்டு வரும்போது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் இந்தச் சோதனையைச் சொல்லி வைக்கலாம். மேல்தொட்டி பொதுவாக இருக்கும் கட்டடத்தில், ஒரு வீட்டுக் கசிவுக்கு எல்லா வீடுகளும் பணம் கட்டுகின்றன.