கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவமனை சொல்வதும் நாம் கேட்க வேண்டியதும்



கொரோனாவை நாம் மறக்கத் தொடங்கிவிட்டோம். ஆனால் நம் மேற்கே நிற்கும் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், நிபா காய்ச்சல் 2018இல் வந்தது. 2023இலும் 2024இலும் மறுபடியும் வந்தது. வேலைக்கும் வியாபாரத்துக்கும் நம் பிள்ளைகள் அங்கே போய் வருகிறார்கள். இப்படிப்பட்ட நோய் வரும்போது மருந்துக்கு முன்பே வீட்டுக்குள் நுழைவது செய்திதான். ஆகவே மருத்துவமனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதை நோய் இல்லாத இந்தக் காலத்திலேயே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தினசரி அறிக்கை சொன்னது என்ன?

தமிழகத்தில் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 7 அன்று அறிவிக்கப்பட்டார். ஓமனிலிருந்து திரும்பிய அவர் சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். மாநிலத்தின் முதல் மரணம் மார்ச் 25 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அந்த நாட்களில் சுகாதாரத் துறை தினமும் மாலையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இறந்தவரின் வயது, ஆணா பெண்ணா, மாவட்டம், ஏற்கெனவே இருந்த சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய்கள், மருத்துவமனையில் சேர்ந்த நாள் ஆகியவை அதில் இருக்கும். பெயர் இருக்காது. இது மறைப்பு வேலை அல்ல. நோயாளியின் விவரத்தைக் காப்பது மருத்துவமனையின் கடமை. "யார் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்களே" என்று கோபப்படுகிறவர்கள், அந்த இடத்தில் தம் வீட்டார் இருந்தால் என்ன விரும்புவார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை மாறுவதும் பலருக்குச் சந்தேகம் தந்தது. மருத்துவமனைப் பதிவேடும் சுடுகாடு, இடுகாடுகளின் பதிவேடும் அரசுக் கணக்கும் ஒரே நாளில் ஒத்துப்போவதில்லை. 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டுப் போன 444 மரணங்களைக் குழு வைத்துச் சரிபார்த்துத் தமிழக அரசு கணக்கில் சேர்த்தது. விடுபட்டது குறைதான். ஆனால் திருத்தத்தை வெளிப்படையாகச் சொல்லும் அறிக்கையை, திருத்தமே சொல்லாத அறிக்கையைவிட அதிகமாக நம்பலாம்.

ஒரு சொல் செய்த வேலை

2020 மார்ச் 31 அன்று சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ், டெல்லி மாநாட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள் தாமாக முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பலர் முன்வந்தார்கள். மறுநாள் புதிதாக உறுதியான 110 பேரும் அந்த மாநாட்டோடு தொடர்புடையவர்கள் என்று அறிவிக்கப்பட்டது. மாநில மொத்தம் 234 ஆனது. பரிசோதனைக்கு வந்தவர்கள் அதிகம், அதனால் எண்ணிக்கையும் அதிகம் என்ற விளக்கம் மக்களிடம் போய்ச் சேரவில்லை. ஒரு சமுதாயமே நோயைப் பரப்பியது என்ற பேச்சுதான் சேர்ந்தது. நாட்டின் பல இடங்களில் முஸ்லிம் வியாபாரிகளிடம் பொருள் வாங்க மறுத்தார்கள்.

பிறகு திருத்தமும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மைக் ரயான், நோயாளிகளை மதத்தின் பெயரால் பிரிக்கக் கூடாது என்றார். மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 8 அன்று, எந்தச் சமுதாயத்தின் மீதும் பழி போடக் கூடாது என்று அறிவுரை வெளியிட்டது. தமிழக அறிக்கைகளில் அந்த மாதமே 'ஒரே மூலத் தொற்று' என்ற சொல் வந்தது. கணக்கு அதேதான், சொல் மட்டும் மாறியது. பழி சுமத்தப்படும் என்று அஞ்சுகிறவர் காய்ச்சலை மறைப்பார். அதனால் முதலில் பாதிக்கப்படுவது அவருடைய வீட்டார்தான். சொல்லில் கவனம் தேவைப்படுவது மரியாதைக்காக மட்டும் அல்ல என்பதை இதிலிருந்து அறியலாம்.

பேச்சை மாற்றிய மருத்துவமனை

அமெரிக்காவிலும் ஒரு பாடம் உண்டு. 2014 செப்டம்பரில் லைபீரியாவிலிருந்து வந்த தாமஸ் எரிக் டங்கன், டல்லாஸ் நகர மருத்துவமனைக்குக் காய்ச்சலோடு போனார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததைச் செவிலியரிடம் சொன்னார். அந்தத் தகவலைக் கவனிக்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாளில் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார், எபோலா உறுதியானது, அக்டோபர் 8 அன்று இறந்தார். அவரைக் கவனித்த இரு செவிலியர்களுக்கும் தொற்றியது. கணினிப் பதிவில் கோளாறு என்று முதலில் சொன்ன மருத்துவமனை, அடுத்த நாளே கோளாறு இல்லை என்றது. பின்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

நமக்கு இதில் உள்ள படிப்பினை: எங்கே போய் வந்தோம் என்பதை ஒருமுறை சொன்னால் போதாது. சீட்டு போடும் இடத்தில் சொன்னாலும், செவிலியரிடம் சொன்னாலும், டாக்டர் முகம் பார்த்து மறுபடியும் சொல்ல வேண்டும்.

மையித்து விஷயத்தில்

நம் குடும்பங்கள் அதிகம் கலங்குவது இதில்தான். 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் அடக்கத்தைத் தடுக்கவில்லை. பணியாளர் பையைச் சற்றுத் திறந்து முகம் காட்டலாம். உடலைத் தொடாமல் செய்யும் மதச் சடங்குகளுக்கு அனுமதி உண்டு. குளிப்பாட்டுவதும் முத்தமிடுவதும் கூடாது என்று அது சொன்னது. இது தெரியாததால்தான், 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கவிடாமல் கல்லெறிந்தார்கள். ஒரு வாரத்தில், அடக்கத்தைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

இலங்கையில் அரசு கொரோனா மையித்துகளை எரித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. அடக்கத்தால் நிலத்தடி நீரில் நோய் பரவும் என்று சொன்னதற்கு ஆதாரம் காட்டவில்லை. 2021 பிப்ரவரி இறுதியில்தான் அனுமதி கிடைத்தது. 2024இல் அரசு மன்னிப்புக் கேட்டது. இதற்கு மாறாக 2018 நிபாவின்போது, அரசுக் கணக்கில் 17 உயிர்களை இழந்த கேரளத்தில், கோழிக்கோடு கண்ணம்பறம்பு மையவாடியில் வழக்கத்தைவிட ஆழமாகக் குழி தோண்டி, சுகாதார அதிகாரிகள் முன்னிலையில் அடக்கம் செய்தார்கள். காரணத்தை எடுத்துச் சொன்ன இடத்தில் குடும்பத்தார் ஒத்துழைத்தார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. நோயாளி சேர்ந்த உடனே குடும்பத்தில் ஒருவரை மட்டும் பேசுவதற்கு நியமியுங்கள். அவருடைய கைபேசி எண்ணை வார்டில் எழுதிக் கொடுங்கள். பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டால் பதிலும் பத்து விதமாகவே வரும்.

2. தினமும் நான்கு கேள்விகள் போதும்: மூச்சு எப்படி இருக்கிறது? ஆக்சிஜன் அளவு என்ன? நேற்றைக்கு இன்று முன்னேற்றமா, பின்னடைவா? அடுத்து யார், எப்போது எங்களிடம் பேசுவார்கள்?

3. பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சீட்டு, மரணம் நேர்ந்தால் அதன் காரணச் சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை. சத்தம் போட வேண்டியதில்லை.

4. சந்தேகம் வந்தால் 104க்கும், அவசரம் என்றால் 108க்கும் அழையுங்கள். குரல் பதிவில் வந்த செய்தியை விசாரிக்காமல் மற்றவருக்கு அனுப்பாதீர்கள். வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் கட்டளை.

5. நோயாளியின் பெயரையோ படத்தையோ குழுக்களில் போடாதீர்கள்.

6. குளிப்பாட்ட முடியாத நிலையில் என்ன செய்வது என்று இப்போதே உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டு வையுங்கள். துக்க நேரத்தில் வாசலில் நின்று வாக்குவாதம் செய்வதை அது தவிர்க்கும்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து, ரேஷன் அட்டையும் காப்பீட்டு அட்டையும் இருக்கும் இடத்தில் வையுங்கள். தேவைப்படாமலே அது பழுப்பேறிப் போக வல்ல இறைவன் அருள் புரிவானாக. ஆமீன்.