ஜந்துவை விடக் கொடியது கம்பெனி

ஒன்பது படங்கள், 45 ஆண்டுகள். ‘ஏலியன்’ வரிசையில் எது முந்தி, எது பிந்தி?

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஏழு பேர். நீண்ட உறக்கத்திலிருந்து அப்போதுதான் விழித்திருக்கிறார்கள். அரட்டை, சிரிப்பு, சிகரெட் புகை. விண்கப்பலின் எந்திரப் பகுதியில் வேலை பார்க்கும் பார்க்கரும் பிரெட்டும் மெல்ல ஆரம்பிக்கிறார்கள்: மற்றவர்களுக்கு முழுப் பங்கு, எங்களுக்கு மட்டும் ஏன் குறைவு? பதில் சொல்ல யாருக்கும் அக்கறை இல்லை. சற்று நேரத்தில் கப்பல் வழக்கமான பாதையிலிருந்து விலகி நிற்பது தெரிகிறது. எங்கிருந்தோ வரும் ஒரு சமிக்ஞையை இறங்கிப் பார்த்தே ஆக வேண்டுமாம். மறுத்தால் பங்குப் பணம் மொத்தமும் போய்விடும். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து.

1979-இல் வெளிவந்த ‘ஏலியன்’ இப்படித்தான் தொடங்குகிறது. ஜந்து தலைகாட்ட இன்னும் வெகுநேரம் இருக்கிறது. அதற்குள் கூலித் தகராறு வந்துவிட்டது.

அந்தப் படத்துக்குப் பிறகு 2024 வரை எட்டுப் படங்கள் வந்துவிட்டன. நேரடித் தொடர்ச்சிகள் மூன்று, ‘பிரிடேட்டர்’ ஜந்துவுடன் மோதவிட்ட படங்கள் இரண்டு, முன்கதைகள் இரண்டு, கடைசியாக ‘ரோமுலஸ்’. ரசிகர்கள் கூடும் இடத்தில் எல்லாம் எழும் வாக்குவாதம் ஒன்றுதான்: எது சிறந்தது, எது மோசம்? எத்தனை பேர் செத்தார்கள், ஜந்து எவ்வளவு பயங்கரமாக இருந்தது, கிராஃபிக்ஸ் எப்படி என்றெல்லாம் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் ஒன்பது படங்களையும் வரிசையாகப் பார்த்தால் வேறொரு கணக்கு புலப்படுகிறது. சாகப் போகிறவன் யார், அவனை அங்கே அனுப்பியது யார் என்ற கேள்வியை மறக்காத படங்கள் நிற்கின்றன. ஜந்துவின் ஜாதகத்தை எழுத உட்கார்ந்த படங்கள் சரிகின்றன.

இந்த அளவுகோலின்படி முதல் இடம் முதல் படத்துக்கே. அதன் திரைக்கதையை எழுதிய டான் ஓபானன் குடல் நோயால் அவதிப்பட்டவர். வயிற்றுக்குள் இருந்து ஏதோ ஒன்று தன்னைத் தின்பது போன்ற வேதனையைத்தான், மார்பைப் பிளந்துகொண்டு வெளியே வரும் ஜந்துவாக மாற்றினார். விளம்பரப் படங்களில் பெயர் வாங்கிய பிரிட்டிஷ்காரரான ரிட்லி ஸ்காட்டுக்கு அது இரண்டாவது சினிமா. ஜந்துவை வரைந்தவர் ஸ்விஸ் ஓவியர் எச்.ஆர். கீகர். உடையை மாட்டிக்கொண்டு நடித்தவர் லண்டனில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய இளைஞர் போலாஜி பதேஜோ. ஏழடியைத் தொடும் உயரம், குச்சி போன்ற உடல்வாகு. அவர் நடித்த ஒரே படம் இதுதான்.

ஸ்காட்டின் சாமர்த்தியம் எல்லாம் மறைத்து வைப்பதில் இருந்தது. இரண்டு மணி நேரப் படத்தில் வளர்ந்த ஜந்து கண்ணில் படுவது சில நிமிடங்களே. ஒரு வால், ஒரு பல் வரிசை, எச்சில் ஒழுகும் வாய், அவ்வளவுதான். மார்பு பிளக்கும் காட்சியைப் படமாக்கியபோது, இவ்வளவு ரத்தம் பீய்ச்சியடிக்கும் என்பது நடிகர்களுக்குச் சொல்லப்படவில்லை. முகத்தில் ரத்தம் தெறித்ததும் வெரோனிகா கார்ட்ரைட் அலறுவது நடிப்பல்ல.

ஆனால் படத்தின் பெரிய அதிர்ச்சி அந்த ரத்தத்தில் இல்லை. கம்பெனி ரகசியமாக ஓர் ஆணை பிறப்பித்திருக்கிறது: ஜந்துவைப் பத்திரமாகக் கொண்டு வா, கப்பலில் இருப்பவர்கள் போனால் போகட்டும். இந்த ஆணையை நிறைவேற்றத்தான் விஞ்ஞான அதிகாரி என்ற பெயரில் ஓர் எந்திர மனிதனையே கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். கூலிக்காக வாதாடிய பார்க்கருக்கு அப்போதுதான் தன் விலை என்னவென்று தெரிகிறது.

பாத்திரங்கள் ஆணா பெண்ணா என்பதைத் திரைக்கதை நிர்ணயிக்கவில்லை. ரிப்ளி என்ற அதிகாரியாக சிகர்னி வீவரைப் போட்டார்கள். கடைசிவரை உயிர் பிழைப்பவள் அவள்தான். நோய்த்தொற்று விதிமுறைப்படி, அடிபட்டவனை உள்ளே விடக் கூடாது என்று கதவைத் திறக்க மறுத்தவளும் அவள்தான். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் படமே இல்லை.

லோடரின் வெற்றி

1986-இல் வந்த இரண்டாவது படம் ‘ஏலியன்ஸ்’. ‘டெர்மினேட்டர்’ எடுத்து முடித்திருந்த ஜேம்ஸ் கேமரான் இயக்கினார். இதைத்தான் முதலிடத்தில் வைக்க வேண்டும் என்று சண்டை பிடிப்பவர்கள் ஏராளம். அதற்கு நியாயமும் உண்டு. 57 ஆண்டுகள் உறக்கத்தில் மிதந்துவிட்டுத் திரும்பும் ரிப்ளியிடம் கம்பெனி நலம் விசாரிக்கவில்லை. கப்பலை ஏன் வெடிக்க வைத்தாய் என்று விசாரணைக் கமிஷன் வைக்கிறது. லைசென்ஸ் பறிபோகிறது. சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் வேலை கிடைக்கிறது. அங்கே அவள் ஓட்டக் கற்றுக்கொண்ட லோடர் எந்திரத்தை மாட்டிக்கொண்டுதான் கடைசியில் ராணி ஜந்துவை எதிர்கொள்கிறாள். நவீன துப்பாக்கிகளுடன் வந்த ராணுவம் சின்னாபின்னமான இடத்தில், தளத் தொழிலாளியின் கைத்தொழில் ஜெயிக்கிறது.

வில்லன் இங்கேயும் கம்பெனி ஆள்தான். சிரித்த முகமும் சட்டைக் காலருமாக வரும் பர்க், ஆபத்து இருப்பதைச் சொல்லாமலேயே குடியேறிய குடும்பங்களை அந்த இடத்துக்கு அனுப்பிவைத்தவன். வீவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. விஞ்ஞானக் கதை அடிதடிப் படத்தில் நடித்தவருக்கு அது அபூர்வமான கௌரவம். விஷுவல் எஃபெக்ட்ஸ், ஒலி எஃபெக்ட்ஸ் எடிட்டிங் இரண்டுக்கும் ஆஸ்கார் விருதுகள் வந்தன.

பிறகு ஏன் இரண்டாம் இடம்? ஒரு ஜந்து கூட்டமாகப் பெருகியதும் பயம் பரபரப்பாக மாறிவிடுகிறது. துப்பாக்கியால் சுட்டுத் தள்ளக்கூடிய எதிரியிடம் மர்மம் மிச்சமிருப்பதில்லை. தவிர, முதல் படத்தில் முகமே இல்லாமல் இருந்த கம்பெனிக்கு இங்கே ஒரு அயோக்கியனின் முகம் கிடைத்துவிடுகிறது. அவன் ஒழிந்தால் கணக்குத் தீர்ந்தது போல ஒரு நிம்மதி. முதல் படம் அந்த நிம்மதியைத் தரவில்லை.

வெறுக்கப்பட்ட மூன்றாவது

மூன்றாம் இடத்தில்தான் தகராறு. 1992-இன் ‘ஏலியன் 3’ ரசிகர்களின் சாபத்துக்கு ஆளான படம். முந்தைய படத்தில் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய சிறுமி நியூட்டையும் வீரன் ஹிக்ஸையும் தலைப்பு ஓடும்போதே கொன்றுவிட்டார்கள். தயாரிப்பும் குளறுபடி. மரத்தாலான கிரகத்தில் துறவிகள் வாழ்வதாக வின்சென்ட் வார்ட் உருவாக்கிய கதை கைவிடப்பட்டது. திரைக்கதை முடியாமலேயே படப்பிடிப்பு தொடங்கியது. முதல் படம் இயக்க வந்த டேவிட் ஃபின்ச்சருக்கும் ஸ்டுடியோவுக்கும் ஓயாத இழுபறி. படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 29. இன்றுவரை அதைத் தன் படம் என்று அவர் சொந்தம் கொண்டாடுவதில்லை. மூன்றே ஆண்டுகளில் ‘செவன்’ எடுத்துத் தன்னை நிரூபித்தார்.

2003-இல் அரை மணி நேரம் கூடுதலான இன்னொரு வடிவம் வெளிவந்தது. ஃபின்ச்சர் அதில் கை வைக்கவில்லை. இருந்தும் படத்தின் உண்மையான பலம் அதில் தெரிகிறது. இடம், மூடப்பட்ட ஒரு சிறைக் கிரகம். மொட்டைத் தலைக் கைதிகள் உலையைக் காத்துக்கொண்டு அங்கேயே காலம் தள்ளுகிறார்கள். ஆயுதம் ஒன்றுகூட இல்லை. மீட்க வரும் கம்பெனிக் கப்பலோ அவர்களுக்காக வரவில்லை, ரிப்ளியின் உடலுக்குள் வளரும் ராணி ஜந்துவுக்காக வருகிறது. அதைத் தர மறுத்து அவள் உலையில் குதிக்கிறாள். கம்பெனிக்கு முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லும் இந்த முடிவுக்காகவே குறைகளை மன்னிக்கலாம்.

‘ரோமுலஸ்’ நான்காவது. உருகுவே நாட்டவரான ஃபெடே அல்வாரெஸ் இயக்கி 2024-இல் வெளியான இந்தப் படம், முதல் இரண்டு படங்களுக்கு இடையில் நடக்கிறது. சுரங்கக் காலனியில் வேலை பார்க்கும் ரெயின் (கெய்லி ஸ்பேனி) தன் ஒப்பந்த நேரத்தை முடித்துவிட்டு விடுதலைக்கு விண்ணப்பிக்கிறாள். கவுன்ட்டரில் இருக்கும் பெண் கணினியைத் தட்டிவிட்டு, விதி மாறிவிட்டது, இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்கிறாள். வேலையும் இனி சுரங்கத்தில். அவளுடைய பெற்றோரைக் காவு வாங்கியது அதே சுரங்க வேலைதான். ஜந்து வருவதற்கு முன்பே நாற்காலியின் நுனிக்கு வரவைக்கும் தொடக்கம் இது. 1986 படத்தில் வேலை செய்த கலைஞர்கள் சிலரையே அழைத்து, பொம்மைகளும் உடைகளுமாக ஜந்துக்களைச் செய்தது இன்னொரு பலம்.

பலவீனம் பழைய படங்களின் மீதான அதீத பக்தி. பழைய வசனங்கள் அப்படியே திரும்ப வருகின்றன. 2020-இல் காலமான நடிகர் இயன் ஹோமின் முகத்தை, குடும்பத்தாரின் சம்மதத்துடன், கணினி உதவியால் மீண்டும் கொண்டுவந்தார்கள். முதல் படத்தின் எந்திர மனிதனாக நடித்தவர் அவர். தொழிலாளி செத்தாலும் கம்பெனி விடாது என்பதைக் கதையாகச் சொல்லும் படம், செத்துப்போன நடிகரை வேலைக்கு அழைத்திருப்பது நெருடுகிறது.

ஜாதகம் எழுதிய படங்கள்

இதற்குப் பிறகு இறங்குமுகம். 2012-இல் ஸ்காட் தன் 74-வது வயதில் திரும்பி வந்து எடுத்த ‘பிராமிதியஸ்’ ஐந்தாவது. மனிதனைப் படைத்தது யார் என்று தேடிப் போகும் விஞ்ஞானிகளின் கதை. பிரம்மாண்டம் கண்ணைப் பறிக்கிறது. கேள்விகள் பெரியவை, பதில்கள் மழுப்பல். ஆனால் ஒரு காட்சி மறக்காது. வயிற்றில் ஜந்துவுடன் தவிக்கும் நூமி ரபாஸ் தானியங்கி அறுவை எந்திரத்தில் ஏறிப் படுக்கிறார். ஆண்களுக்கு மட்டுமே அது சிகிச்சை செய்யும் என்று தெரிகிறது. கப்பலில் ஒளிந்துவரும் கிழட்டு அதிபருக்காக வாங்கிய எந்திரம் அது. கம்பெனி யாருடைய உயிரை மதிக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆறாவது, 1997-இன் ‘ஏலியன் ரிசரக்‌ஷன்’. ஜாஸ் வேடன் எழுதி, பிரெஞ்சுக்காரரான ழான்-பியர் ழுனே இயக்கியது. செத்த ரிப்ளியை 200 ஆண்டுகள் கழித்துக் குளோனிங் மூலம் எழுப்புகிறார்கள். நிக்கல் ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை உறக்கத்திலேயே கடத்தி ஜந்துக்களுக்கு இரையாக்குகிறார்கள். நல்ல கதைக்கான கரு. படமோ கோமாளித்தனத்துக்கும் அருவருப்புக்கும் நடுவே அல்லாடுகிறது. தனக்கு முன் உருவாக்கப்பட்டு விகாரமாகிப்போன ஏழு பிரதிகளை ரிப்ளி பார்க்கும் அறை மட்டும் தனியாக நிற்கிறது.

ஏழாவது, 2017-இன் ‘ஏலியன்: கோவனன்ட்’. டேவிட் என்ற எந்திர மனிதனாக மைக்கேல் ஃபாஸ்பெண்டர் பிரமாதமாக நடித்தும் பயனில்லை. அந்த ஜந்துவை உருவாக்கிக்கொண்டிருப்பதே டேவிட்தான் என்று படம் விளக்கம் சொல்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாததுதான் அதன் பலமாக இருந்தது. விலாசம் தெரிந்த பேய்க்கு யார் பயப்படுவார்கள்?

கடைசி இரண்டு இடங்களில் போட்டியே இல்லை. 2004-இன் ‘ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்’ அன்டார்க்டிகாவின் பனிக்கு அடியில் புதைந்த பிரமிடுக்குள் இரண்டு ஜந்துக்களையும் மோதவிடுகிறது. மனிதர்கள் வெறும் வேடிக்கையாளர்கள். 2007-இல் வந்த அதன் தொடர்ச்சி, ஓர் அமெரிக்கச் சிறுநகரத்தில் நடக்கிறது. திரை எவ்வளவு இருட்டு என்றால், யார் யாரைக் கொல்கிறார்கள் என்பதே பிடிபடுவதில்லை. அதுதான் ஒன்பதாவது.

வசூல் வரிசை இதற்கு ஒத்துப்போகாது. ‘பிராமிதியஸ்’ உலகம் முழுவதும் சுமார் 40 கோடி டாலர் ஈட்டியது. எட்டாவது இடத்தில் இருக்கும் மோதல் படம், மூன்றாவது படத்தையும் நான்காவது படத்தையும் விட அதிகம் சம்பாதித்தது. ஆனால் வசூல் எவ்வளவு வந்தாலும், தடம் புரளும்போதெல்லாம் இந்த வரிசை 1979-க்கே திரும்பிப் போகிறது. சுமார் 35 கோடி டாலர் வசூலித்த ‘ரோமுலஸ்’ அப்படித்தான் எழுந்து நின்றது. 2025-இல் நோவா ஹாலி உருவாக்கிய ‘ஏலியன்: எர்த்’ தொலைக்காட்சித் தொடரும் முதல் படத்துக்கு இரண்டு ஆண்டுகள் முந்தைய காலத்தில் நடக்கிறது. சாகக் கிடக்கும் குழந்தைகளின் மனத்தை எந்திர உடல்களுக்கு மாற்றி, அந்த உடல்களைத் தன் சொத்தாக்கிக்கொள்கிறது அதில் வரும் கம்பெனி. அப்படிப்பட்ட சிறுவன் ஒருவனாக நடித்திருப்பவர் ‘தி ஒயிட் டைகர்’ படத்தில் முதலாளியின் கார் ஓட்டுநராக வந்த நம்மூர் நடிகர் ஆதர்ஷ் கௌரவ்.

அரை நூற்றாண்டை நெருங்கும் இந்த வரிசையில் ஜந்துவுக்கு ராணி வந்தது, பூர்வீகம் வந்தது, படைத்தவன்கூட வந்தாயிற்று. சாப்பாட்டு மேஜையில் பார்க்கர் கேட்ட அந்தப் பங்கு விவகாரம் மட்டும் இன்னும் பைசலாகவில்லை.