சங்கிலிப் பூட்டு



நானுஓயா புகையிரத நிலையத்திலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏறத்தாழ 8 கிலோமீற்றர்ப் பாதையில் துவிச்சக்கரவண்டி மிதித்தவர் ஓர் உண்மையை அறிவர். சமவெளியில் வண்டி நம்மைச் சுமக்கிறது. மலையிலோ பாதி வழி நாம்தாம் வண்டியைத் தள்ளிச் செல்கிறோம். அதனாலேயே யாழ்ப்பாணத்தைப் போலத் தோட்டப்புறங்களில் சைக்கிள் பழக்கம் பெருகவில்லை. ஆயினும் 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, மூலையில் கிடந்த பழைய வண்டிகள் பல மீண்டும் வீதிக்கு வந்தன. அவ்வாறு வந்த வண்டியில் முதலில் நோக்கத்தக்கது அதன் சங்கிலியும், அச்சங்கிலியைப் பூட்டிவைத்திருக்கும் ஒரு சிறு வில்லையுமாகும். ‘செயின் லொக்’ என்று யாவரும் அழைப்பது இதனையே.

மலையில் ஏறுகையில் சங்கிலி தாங்கும் பாரம் எவ்வளவு? 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் எழுந்து நின்று மிதிப்பதாகக் கொள்வோம். பெடல் தண்டின் நீளம் ஏறத்தாழ 6¾ அங்குலம். பற்சில்லின் ஆரமோ நான்கு அங்குலத்திற்கும் குறைவு. நெம்புகோல் விதிப்படி, சங்கிலியை இழுக்கும் விசை மிதிப்பவரின் நிறையைப் போல ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதாவது 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம் அந்த மெல்லிய சங்கிலியில் தொங்குகிறது. அவ்வேளையில் சங்கிலி அறுமாயின் மிதித்த கால் வெறுமையில் இறங்கும். ஏறுபவர் தலைகுப்புற வீழ்வார். இறக்கத்திலோ ஆபத்து வேறு வகையானது. பெடலைப் பின்னோக்கி மிதித்து நிறுத்தும் வண்டிகளில், சங்கிலி கழன்றால் அந்தத் தடையும் போய்விடும்.

1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பார் உருளைச் சங்கிலியை உருவாக்கினார். ஆணிக்கு ஆணி அரை அங்குல இடைவெளியுடன், தகடுகளும் உருளைகளும் மாறி மாறிக் கோக்கப்பட்டதே இன்றைய சைக்கிள் சங்கிலி. தேயிலையை உலர்த்தும் இயந்திரத்தில் தட்டுகளைச் சுமந்து சுற்றும் பெரிய சங்கிலியைக் கண்டவர்க்கு இது புதிதன்று. இச்சங்கிலியின் இரு முனைகளையும் இணைப்பது ஒரு தனிக் கண்ணி. இரண்டு ஆணிகள் பதித்த தகடு ஒன்று. அவற்றின் மேல் அமரும் வெளித்தகடு மற்றொன்று. அத்தகடு கழலாதபடி ஆணிகளின் பள்ளத்தில் செருகும் வில் மூன்றாவது. இழுவிசையைத் தாங்குவன ஆணிகளும் தகடுகளுமே. வில்லின் வேலை காவல் மாத்திரம். ஆயின் காவல் போனால் வெளித்தகடு நழுவும். அதன்பின் ஆணிகள் ஒருபுறம் சாய்ந்து கண்ணி பிரிந்துவிடும்.

இந்த வில் ஒரு மீனை ஒத்தது. ஒரு முனை மூடிய தலை. மறுமுனை பிளந்த வால். கழற்றுவதற்கு முன் பின்சில்லின் நட்டுகளைத் தளர்த்திச் சில்லைச் சற்று முன்னே தள்ளி, சங்கிலியின் இறுக்கத்தைப் போக்க வேண்டும். பிறகு குறட்டின் ஒரு தாடையை வாலின் நுனியிலும், மறு தாடையைத் தலைப்பக்கத்து ஆணியிலும் வைத்து மெல்ல அழுத்தினால் வில் வழுகி வெளிவரும். அப்போது ஒரு துணியால் மூடிக்கொள்வது நன்று. துள்ளிப் பறந்து தேயிலைச் செடிகளுக்கிடையே வீழ்ந்த வில்லைத் தேடிக் கண்டெடுப்பது எளிதன்று.

கழற்றிய சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, எண்ணெயிடலாம். ஹற்றன், மஸ்கெலியாப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் பெய்வதால் துருவும் சேறும் விரைவில் ஏறும். அப்போதே தேய்மானத்தையும் அளந்துவிடுக. 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். 12⅛ அங்குலமாக நீண்டிருப்பின் அச்சங்கிலி தன் காலத்தை முடித்துவிட்டது, புதியதை வாங்குக.

மீண்டும் பூட்டும்போது ஆணித்தகட்டை உட்புறமிருந்து செருகி, வெளித்தகட்டை அமர்த்தி, வில்லை வெளிப்புறத்தில் வைத்து, இம்முறை தலையையும் வாற்பக்கத்து ஆணியையும் குறட்டால் அழுத்துக. இங்குதான் பலர் தவறுகின்றனர். மீன் நீந்தும்போது தலையே முன்செல்லும். அதுபோல வில்லின் மூடிய தலையும் சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். சங்கிலியின் மேற்பகுதியில் அது பெடலை நோக்கியும், கீழ்ப்பகுதியில் பின்சில்லை நோக்கியும் அமையும். கல்லோ சுள்ளியோ எதிர்ப்பட்டு மோதினால், தலையில் விழும் அடி வில்லை மேலும் இறுக்கும். வாலில் விழும் அடியோ அதனைக் கழற்றிவிடும்.

பல்வேகக் கியர் வண்டிகளில் வில் இல்லை. ஒரேவிதமான இரு பாதிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. பக்கத் தகடுகளை அமுக்கியபடி இரு ஆணிகளையும் ஒன்றையொன்று நோக்கித் தள்ளினால் அது திறக்கும். பூட்டுவதற்கு, கண்ணியை மேற்பகுதியில் நிறுத்தி, பின்தடையைப் பிடித்துப் பெடலை அழுத்த வேண்டும். ‘டக்’ என்ற ஒலியுடன் அது அமரும். சில வகைகள் ஒருமுறை மாத்திரமே பயன்படுத்தத்தக்கன. அவற்றை மீண்டும் பூட்டலாகாது.

சங்கிலியைப் பூட்டியபின் அதன் நடுவில் அரை அங்குலம் அளவு தளர்ச்சி இருக்கும்படி பின்சில்லை இழுத்து நட்டுகளை முடுக்குக. பின்சில்லை உயர்த்திச் சுழற்றி, கண்ணி தடையின்றி மடிகிறதா என்று நோக்குக. சமதரையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்த பின்னரே மலைப்பாதையில் இறங்குக. தீப்பெட்டி ஒன்றில் மாற்று வில் ஒன்றையும் உடன் கொண்டு செல்க. அதன் விலை சொற்பமே. நடுவழியில் அது இல்லாவிட்டால், வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு சேர நேரும்.