தோற்றாலும் நிறையும் அரங்கு

ஹாக்கி என்றதும் நம் நாட்டார் நெஞ்சில் தியான்சந்தின் மட்டையும் திறந்தவெளி மைதானமும் தோன்றுவது இயல்பே. ஆனால் கனடா தேசத்தில் அந்தப் பெயரைத் தனக்கே உரியதாக்கிக்கொண்ட ஆட்டம் வேறு. 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள உறைபனித் தளத்தின்மேல், எஃகுத் தகடு பொருத்திய காலணிகளோடு பக்கத்துக்கு அறுவராக வழுக்கிப் பாய்ந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு ரப்பர் வட்டை நீண்ட மட்டைகளால் அடித்து எதிரியின் வலைக்குள் புகுத்த முயலும் அந்த ஆட்டம், ஏரிகளும் குளங்களும் உறைந்து கிடக்கும் நீண்ட குளிர்காலத்தின் பொழுதுபோக்காகத் தொடங்கி, நாளடைவில் அத்தேசத்து மக்களின் சுயமரியாதையோடு பின்னிப் பிணைந்துவிட்டது. அந்தத் தேசத்தின் மிகப் பெரிய நகரமாகிய டொராண்டோவின் அணி, தன் ரசிகர்களை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏமாற்றத்திலேயே பழக்கி வைத்திருக்கிறது. அவர்களுடைய கோபம் எவ்வாறு வெளிப்படுகிறது, அதில் நியாயம் எவ்வளவு, அதனால் பயன் ஏதும் உண்டா என்று விசாரிப்பது, ஹாக்கியை ஒருமுறையேனும் கண்டறியாதவர்களுக்கும் சுவையளிக்கக் கூடியதே.

முதலில் இந்தப் பந்தயத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். தேசிய ஹாக்கி லீக் என்னும் அமைப்பில் இன்று 32 அணிகள் இருக்கின்றன. அவற்றுள் கனடாவைச் சேர்ந்தவை 7, மற்றவை அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தவை. அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் பருவத்தில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடுவது நெடுநாள் வழக்கம். அவற்றில் தேறும் 16 அணிகள் மட்டும் அடுத்த கட்டத்துக்குச் சென்று, ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவர் முன்னேறுவதென்ற விதிப்படி நான்கு சுற்றுகள் மோதி, கடைசியில் ஒன்று ஸ்டான்லி கோப்பையைக் கைப்பற்றும். இவ்வளவு நீண்ட பருவத்தில் ஓர் அணி தாழ்வுற்றால், அந்தத் தாழ்வு ஒருநாள் துக்கமாக முடிந்துபோவதில்லை. செவ்வாயன்று தோற்றவர்கள் வியாழனன்றும் ஆடியாக வேண்டும். சனியன்றும் ஆடியாக வேண்டும். நேற்றைய காயம் ஆறுமுன் இன்றைய காயம் விழ, நம்பிக்கை இழந்தவனுக்கும் இன்னும் நாற்பது ஆட்டங்கள் பாக்கியிருக்கின்றன என்று நாள்காட்டி நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்னும் இந்த அணி தொன்றுதொட்டே பலவீனமானதாக இருந்திருந்தால் ரசிகர்களின் வேதனை இவ்வளவு கசப்பாக இருந்திராது. மேப்பிள் லீஃப்ஸ் என்ற பெயரை 1927-ல் சூட்டிக்கொள்வதற்கு முன்னும் பின்னுமாக, அந்நகரத்து அணி வென்ற கோப்பைகள் 13. 1942-ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் டெட்ராய்ட் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் பறிகொடுத்துவிட்டு, பின் நான்கையும் தொடர்ந்து வென்று கோப்பையை எடுத்த சம்பவத்தை அந்நகரத்துப் பெரியவர்கள் இன்றும் பெருமிதத்தோடு சொல்வர். கனடா ஒன்றிணைந்த நூற்றாண்டு விழா நிகழ்ந்த 1967-ல், மூத்த ஆட்டக்காரர்கள் நிறைந்த ஓர் அணியைக் கொண்டு, ஜென்ம விரோதியாகிய மான்ட்ரியாலை வீழ்த்தி 13-ஆவது கோப்பையைப் பெற்றார்கள். அதுவே கடைசி என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்? அதற்குப் பின் 2025-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்த வரையில் 58 ஆண்டுகள், கோப்பை டொராண்டோவுக்குத் திரும்பவே இல்லை.

இப்படி நீளும் தோல்விக் காலத்தில் மனித மனம் காரணத்தைத் தேடி அமானுஷ்யத்தின் வாசல் வரைக்கும் போய்விடும். டொராண்டோவில் அதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1951-ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் வெற்றி கோலை அடித்த பில் பாரில்கோ என்னும் இளைஞர், அதே கோடையில் மீன் பிடிக்கப் போய்த் திரும்பும் வழியில் விமானத்தோடு காணாமற் போனார். அதன்பின் பதினோரு ஆண்டுகள் அணிக்குக் கோப்பை கிட்டவில்லை. 1962 ஏப்ரலில் மீண்டும் வென்றார்கள்; சில வாரங்களுக்குப் பின், ஜூன் மாதத்தில், காட்டிடையே சிதைந்து கிடந்த விமானமும் அவருடைய உடலின் எச்சமும் கண்டெடுக்கப்பட்டன. தற்செயல் என்று புத்தி சொன்னாலும், ரசிகனின் நெஞ்சு அதை முழுமனதாக ஒப்புக்கொள்வதில்லை.

ஆயினும் 1967-க்குப் பிற்பட்ட வீழ்ச்சிக்குச் சாபத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. காரணம் கண்ணுக்கெதிரேயே அமர்ந்திருந்தது. அணியின் அதிகாரத்தை 1972-ல் தம் கைக்குள் கொண்டுவந்த ஹெரால்டு பாலர்டு, அதே ஆண்டில் மோசடிக்கும் திருட்டுக்கும் தண்டனை பெற்றுச் சிறை சென்றவர். சிறையிலிருந்து மீண்டபின்னும், 1990-ல் இறக்கும் வரையில் அணியைத் தம் மனம்போனபடியே நடத்தினார். பயிற்சியாளர்கள் வந்த வேகத்தில் போனார்கள். மக்கள் போற்றிய ஆட்டக்காரர்கள் வேறு ஊர்களுக்கு மாற்றப்பட்டார்கள். 1980 முதல் 1990 வரையிலான பத்துப் பருவங்களில் ஒன்றிலேனும் வெற்றிகளின் தொகை தோல்விகளின் தொகையை விஞ்சவில்லை. 1984-85 பருவத்தில் ஆடிய 80 ஆட்டங்களில் 20 வெற்றி, 52 தோல்வி, மீதி சமநிலை. லீகிலேயே கடைசி இடம்.

இவ்வளவு தாழ்ந்தும் அரங்கு மட்டும் காலியாகவில்லை என்பதே இக்கதையின் விசித்திரம். தெருமுனைக் கடையில் தேநீர் கெட்டுப்போனால் நாம் அடுத்த கடைக்குப் போய்விடுகிறோம். கடைக்காரனும் அந்தப் பயத்தினாலேயே பாலில் நீரைக் குறைக்கிறான். ஆனால் அணியை மாற்றிக்கொள்பவனை ரசிகன் என்று ஊரார் ஒப்புவதில்லை. அவனுடைய மனச்சாட்சியும் ஒப்புவதில்லை. தகப்பன் கைப்பிடித்து அழைத்துச் சென்று காட்டிய நீலச் சட்டையை, அது தோற்கிறது என்பதற்காக எவன் களைவான்? பருவச் சீட்டு வைத்திருக்கும் ஒருவன் வெறுத்துப்போய் அதைக் கைவிட்டாலும், அதைப் பெறுவதற்குப் பின்னால் நெடிய வரிசை காத்திருக்கிறது. விசுவாசம் என்பது இவ்வாறு அணியை நடத்துவோருக்கு ஒரு காப்புறுதிப் பத்திரமாகிவிடுகிறது. ஒன்டாரியோ மாகாணத்து ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி, இந்த அணியை நடத்தும் நிறுவனத்தில் தனக்கிருந்த முக்கால் பங்குக்கும் அதிகமான உடைமையைச் சுமார் 132 கோடி கனடா டாலருக்கு 2012-ல் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு விற்றது. அதற்கு முந்தைய ஏழு பருவங்களில் அணி ஒருமுறைகூட முதல் 16 இடங்களுக்குள் தேறியிருக்கவில்லை. தோற்றுக்கொண்டே இருந்த பண்டத்தின் விலை ஏறிக்கொண்டே இருந்தது என்றால், வென்று காட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கு இருக்கும்?

பணத்தைப் பிடித்துவைத்துக் கண்டிக்க வழியில்லாத ரசிகன், கையில் கிடைத்ததைக் கொண்டு கண்டிக்கிறான். 2010 டிசம்பரில், தொடர் தோல்விகளால் வெறுப்புற்ற ஒருவர் வாஃபிள் என்னும் காலைச் சிற்றுண்டிப் பணியாரங்களை உறைபனித் தளத்தின்மேல் வீசியெறிந்தார். ஏன் வாஃபிள் என்பதற்கு எவராலும் திருப்தியான விளக்கம் கூற முடியாவிட்டாலும், அது ஒரு மரபாகவே பற்றிக்கொண்டது. அதனினும் கடுமையானது சட்டையைக் கழற்றி எறிவது. நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய, நெஞ்சில் அணியின் சின்னம் பொறித்த சட்டையை ஆட்டக்காரர்களின் காலடியில் எறிகிறவன், தன் உறவையே அறுத்தெறிவதாகப் பாவனை செய்கிறான். 2014 நவம்பர் 18 அன்று நாஷ்வில் அணியிடம் சொந்த அரங்கிலேயே 9-2 என்று தோற்றபோது அப்படி ஒரு சட்டை தளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்து டாம்பா பே அணியை வென்ற வீரர்கள், வெற்றிக்குப்பின் தளத்தின் நடுவில் நின்று மட்டைகளை உயர்த்தி ரசிகர்களை வணங்கும் சம்பிரதாயத்தைச் செய்யாமலே உள்ளே போய்விட்டார்கள். தோல்வியைப் பொறுத்தவர்கள் இந்த அலட்சியத்தைப் பொறுக்கவில்லை. நகரமெங்கும் நாட்கணக்கில் அதே பேச்சு. ஜனவரியில் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். அதனாலும் விமோசனம் கிட்டாமல், தொடர்ந்து 11 ஆட்டங்களில் வெற்றி என்பதே இல்லாது போயிற்று. அந்த மாதத்திலேயே சட்டை எறிந்த மூவரைக் காவலர் பிடித்துச் சென்றதும், ஓராண்டுக் காலம் அவர்கள் அரங்கிற்குள் நுழையக் கூடாதென்று தடை விதிக்கப்பட்டதும் நிகழ்ந்தன.

ரசிகர்களின் ஆவேசம் எப்போதும் நீதியின் பக்கமே நின்றதென்று சொல்வதற்கில்லை. 1990-களின் நடுவில் லாரி மர்ஃபி என்னும் அனுபவமிக்க தற்காப்பு வீரர் டொராண்டோவுக்காக ஆடினார். அவருக்குக் கொடுக்கப்பட்ட சம்பளம் அதிகம், அவருடைய வேகம் குறைவு என்று தீர்மானித்துவிட்ட கூட்டம், வட்டு அவர் மட்டையைத் தொட்ட போதெல்லாம் கூக்குரலிட்டது. 1997-ல் அவரை டெட்ராய்ட் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் அதே மர்ஃபி டெட்ராய்ட் அணியினரோடு ஸ்டான்லி கோப்பையை உயர்த்திப் பிடித்தார். பிற்காலத்தில் ஹாக்கிப் பெருமன்றத்திலும் இடம்பெற்றார். தவறு எங்கோ உயரத்தில் இருக்க, கண்ணுக்கெட்டியவனைத் தண்டிப்பது கூட்டத்தின் சுபாவம்.

இனி, தோல்வியே இலாபமாகும் ஒரு விபரீதத்தையும் சொல்ல வேண்டும். பலவீனமான அணிகள் தலைதூக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு, கீழ்நிலையில் முடிக்கும் அணிகளுக்குப் புதிய இளம் வீரர்களைத் தெரிந்தெடுப்பதில் முன்னுரிமை கிட்டுமாறு லீக் விதி வகுத்திருக்கிறது; கடைசியாக வருபவருக்கு முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், ஆனால் அதைக் குலுக்கல் தீர்மானிக்கும். ஆகவே ஒரு பருவம் கைதவறிவிட்டதென்று தெரிந்தபின், எதிரி கோல் அடிக்கும்போது உள்ளூர மகிழவும் தன் அணி வெல்லும்போது முகம் சுளிக்கவும் ரசிகன் கற்றுக்கொள்கிறான். 2015-ல் பொறுப்பேற்ற புதிய பயிற்சியாளர் மைக் பாப்காக், வேதனை மிகுந்த காலம் வரப்போகிறதென்று முதல்நாளே எச்சரித்தார். எச்சரித்தபடியே 2015-16 பருவத்தில் அணி லீகின் கடைசி இடத்தைப் பிடித்தது. குலுக்கலும் வாய்த்தது; ஆஸ்டன் மாத்யூஸ் என்னும் அபூர்வ வீரர் வந்து சேர்ந்தார். அவர் தம் முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் அடித்தார். அந்த ஆட்டத்திலும் டொராண்டோ ஒட்டாவாவிடம் 5-4 என்று தோற்றதை விதியின் பரிகாசம் என்னாமல் வேறென்ன சொல்வது?

அதற்குப் பின் வந்த ஆண்டுகள் மற்றொரு வகைத் துயரத்தைக் கற்பித்தன. எப்போதும் தோற்கும் அணி ரசிகனைச் சோர்வடையச் செய்கிறது; வென்றுவிடும் என்று காட்டிவிட்டுத் தோற்கும் அணியோ அவனை வதைக்கிறது. அந்த வதையின் முன்னோட்டம் 2013 மே 13 அன்றே பாஸ்டனில் நடந்தது. தீர்மானமான ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் டொராண்டோ 4-1 என்று முன்னணியில் நின்றது. ஒரு கோலை இழந்தார்கள். கடைசி 82 விநாடிகளில் மேலும் இரண்டை இழந்தார்கள். கூடுதல் நேரத்தில் ஆட்டத்தையே இழந்தார்கள். மாத்யூஸின் காலத்தில் 2018, 2019, 2024 என்று மூன்று முறை அதே பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் வீழ்ந்தார்கள். 2021-ல் மான்ட்ரியாலுக்கு எதிராக 3-1 என்று முந்தியிருந்தும் வெளியேறினார்கள். 2004-க்குப் பின் ஒரே ஒரு சுற்றையேனும் வெல்வதற்கு 2023 வரையில் காத்திருக்க நேர்ந்தது. 2020 பிப்ரவரியில், எதிரணியாகிய கரோலினாவின் கோல் காப்பாளர் இருவரும் காயமுற்றுவிட, அவசரத்துக்கென்று வைக்கப்பட்டிருந்த 42 வயதான டேவிட் ஏரிஸ் வலைக்கு முன் நின்றார். டொராண்டோவின் பனித்தளக் கட்டடம் ஒன்றில் பணிபுரிந்து, லீஃப்ஸ் வீரர்களுக்கே பயிற்சியில் துணைநின்றவர் அவர். அவரைக் கடந்து இரண்டு கோல் மட்டுமே அடிக்க முடிந்தது; ஆட்டம் 6-3 என்று கரோலினாவுக்குப் போயிற்று. 2025 மே மாதத்தில் புளோரிடா அணியிடம் ஏழாவது ஆட்டத்தைச் சொந்த அரங்கில் 6-1 என்று தோற்ற இரவில், மறுபடியும் சட்டைகள் தளத்தின்மேல் விழுந்தன.

இந்தக் கோபத்தை மிகையென்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எல்லா அணிகளும் சமபலம் உடையவை என்றே வைத்துக்கொண்டாலும், 32 அணிகள் உள்ள லீகில் சராசரியாக 32 ஆண்டுகளுக்கு ஒருமுறை கோப்பை ஒவ்வோர் ஊருக்கும் வர வேண்டும். அணிகள் குறைவாயிருந்த முற்காலத்தில் அதனினும் விரைவாகவே வந்திருக்க வேண்டும். செல்வத்திலும் ரசிகர் பலத்திலும் எவருக்கும் குறையாத டொராண்டோ இவ்வளவு காலம் வெறுங்கையோடு நிற்பதற்கு அதிர்ஷ்டத்தை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது. இலங்கையில் 1983-ன் கொடுமைகளுக்குப் பின் புலம்பெயர்ந்து அந்நகரின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய நம் தமிழர்களும், அவர்களுக்குமுன் வந்த இத்தாலியரும் போர்த்துகேயரும், அங்கே பிறந்த தங்கள் பிள்ளைகள் வழியாக இந்த அணியின் சுகதுக்கத்துக்குப் பங்காளிகளாகியிருக்கிறார்கள். 1967-க்குப் பின் வந்தவர்கள் எவராயினும், வெற்றியின் சுவை அறியாமலே விசுவாசத்தை மட்டும் சுவீகரித்துக்கொண்டவர்கள்.

ஆட்டக்காரனைத் தனிப்பட நிந்திப்பது தவறு. தளத்தின்மேல் பொருளை எறிவது ஆபத்து. இரண்டையும் எந்த அரங்கும் அனுமதிக்க இயலாது என்பது மெய்யே. ஆனால் தீர்ப்பு ஒருதலையாக அமைந்துவிடலாகாது. பார்வையாளனுக்கு ஓட்டுரிமை இல்லை, பங்குரிமை இல்லை, அவன் விட்டுச்செல்லும் நாற்காலியும் காலியாக இருக்கப்போவதில்லை. வேறெந்த வழியிலும் காதில் விழாத முறையீட்டைச் சொல்ல, சட்டையைக் கழற்றி எறிந்தவனுக்கு ஓராண்டுத் தடை கிடைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவன் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு, அதற்குரிய கடமையைச் செலுத்தாதிருந்த உடைமையாளர்களுள் சிலரோ, தங்கள் பங்கை வாங்கிய விலைக்கு மேல் விற்றுவிட்டுச் சௌக்கியமாகப் போனார்கள்.