ஏலக்காய் மணமும் 142 அடியும்

கம்பம், கூடலூர், போடிப் பக்கம் கூலி வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மா என்றால், இருட்டோடு எழுந்து ஜீப்புக்கு ஓடுகிறவள். தெருமுனையில் ஹாரன் கேட்டதும் தூக்குச்சட்டியோடு கிளம்பிவிடுவாள். ஆளை ஆள் நெருக்கியபடி கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக வண்டிகள் கேரளத்தின் இடுக்கி மலைக்கு ஏறும். அங்கே ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு, களைவெட்டு. இங்கே தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்புவது அப்பத்தா பாடு. பொழுது சாய்ந்து திரும்பும் அம்மாவின் சேலையில் ஏலக்காய் மணக்கும். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பாயச வாசனை; இவர்களுக்கு அம்மா வந்துவிட்ட வாசனை.

2011 டிசம்பரில் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையிலான முல்லைப் பெரியாறு அணை விவகாரம் முற்றி எல்லையில் பதற்றமானபோது மலைக்கு ஜீப் ஏறவில்லை. பகலிலும் அம்மா வீட்டில் இருந்தாள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், மளிகைக்கடைக் கடன் நோட்டு பெரியவர்கள் கவலை.

கூலி கொடுக்கிற மலைதான் தண்ணீரும் கொடுக்கிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அந்த அணையால் மறித்து, மலையைக் குடைந்து, 1895-இல் கிழக்கே திருப்பிவிட்டார் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக். இங்கே பல வீட்டுச் சுவர்களில் சாமி படங்களோடு அவர் படமும் தொங்கும். லோயர் கேம்ப்பில் இறங்கும் அந்தத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் இருக்கிறது. மழை கைகொடுத்தால் ஜூன் தொடக்கத்தில் மதகு திறப்பார்கள். பள்ளிக்கூடம் திறப்பதும் அப்போதுதான். பையன்கள் எந்தத் திறப்புக்குத் துள்ளுவார்கள் என்று கேட்கவே வேண்டாம். அண்ணன்மார் படித்துறையிலிருந்து தூக்கி ஆற்றில் போடுவதுதான் நீச்சல் பாடம்.

 

எழுத்துக் கூட்டத் தெரிந்த பேரனுக்குக் காலையில் ஒரு வேலை உண்டு. “அணை எத்தனை அடிடா?” என்று தாத்தா கேட்பார், பேப்பரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பதினாறாம் வாய்ப்பாட்டில் திணறுகிறவனும் 152, 136, 142 என்று ஒப்பிப்பான். 152 முழு நீர்மட்டம். 136 பாதுகாப்பைக் காரணம் காட்டிக் குறைத்தது. 142 உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2014 மே மாதம் தீர்ப்பு வந்தது. நவம்பரில் நீர்மட்டம் 142-ஐத் தொட்டது. மறுநாள் எங்கள் தெருத் தாத்தா ஒருவர் பேப்பரைப் பேரனிடம் கொடுக்கவில்லை. கண்ணாடியைத் தேடியெடுத்து, திண்ணையில் உட்கார்ந்து தானே சத்தமாக வாசித்தார்.