கடவுள் கடன்பட்ட கதை!
4 நாள் நடக்கும் பாட்டு நாடகம்

"வீட்டைக் கட்டிப் பார்; கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். வீடு கட்டத் தொடங்கிய மனிதர் படும் பாடு பெரும் பாடு. ஆனால், ஒரு கடவுளே வீடு கட்டிக் கடனாளி ஆனார் என்றால் நம்ப முடிகிறதா?

ஐரோப்பாவின் வட கோடியில் அப்படி ஒரு புராணக் கதை உண்டு. அதை நாடகமாக்கினார், ஒரு ஜெர்மானியர். அந்த நாடகத்தை நடத்துவதற்காக ஒரு கொட்டகை கட்டினார். அவரும் கடனாளி ஆனார்!

அவர் பெயர் ரிச்சர்டு வாக்னர். நாடகத்தின் பெயர் "நீபெலுங்கின் மோதிரம்".

பனி நாட்டுக் கடவுள்கள்

நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகியவை பனி கொட்டும் நாடுகள். கிறிஸ்தவ மதம் பரவுவதற்கு முன்பு, அங்கே இருந்த மக்கள் வேறு கடவுள்களைக் கும்பிட்டார்கள்.

அந்தக் கடவுள்களுக்குத் தலைவர் ஒடின். அவருக்கு ஒரே கண்தான். மற்றொரு கண்ணை, அறிவு பெறுவதற்கு விலையாகக் கொடுத்துவிட்டார்! தோர் என்பவர் இடிக்கு அதிபதி. அவர் கையில் எப்போதும் சம்மட்டி இருக்கும். லோகி பெரிய சூழ்ச்சிக்காரன்.

புதன்கிழமையை ஆங்கிலத்தில் "வெட்னஸ்டே" என்கிறோம் அல்லவா? அதற்கு ஒடினின் கிழமை என்று பொருள். "தர்ஸ்டே" தோரின் கிழமை. "பிரைடே", ஒடினின் மனைவி பிரிக் தேவியின் கிழமை.

இந்தக் கதைகள் வெகு காலம் வாய்மொழியாகவே இருந்தன. 13-ம் நூற்றாண்டில்தான் ஐஸ்லாந்துக்காரர்கள் அவற்றை எழுதி வைத்தார்கள். இந்தப் புராணத்தில் ஓர் அதிசயம் உண்டு. கடவுள்களுக்கும் இதில் சாவு உண்டு!

தங்க மோதிரம்

வாக்னர் சொல்லும் கதை இதுதான்:

ரைன் நதியின் அடியில் ஒரு தங்கக் கட்டி இருக்கிறது. மூன்று நீர்க் கன்னியர் அதற்குக் காவல். அதில் மோதிரம் செய்து போட்டுக்கொண்டால் உலகத்தையே ஆளலாம். ஆனால், அன்பே வேண்டாம் என்று சபதம் செய்கிறவன்தான் அந்த மோதிரத்தைச் செய்ய முடியும். ஆல்பெரிக் என்ற குள்ளன் அப்படியே சபதம் செய்து, தங்கத்தைத் திருடிக்கொண்டு போகிறான்.

அதே நேரத்தில், கடவுள்களின் தலைவருக்கு ஒரு பெரிய கோட்டை கட்டும் ஆசை வந்துவிட்டது. (ஒடினை வாக்னர் "வோட்டான்" என்று அழைக்கிறார்.) இரண்டு ராட்சதர்கள் கோட்டையைக் கட்டி முடித்தார்கள். கூலியாக பிரையா என்ற தேவியைக் கொடுப்பதாக வோட்டான் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்கும் நேரம் வந்தபோது அவருக்கு மனம் வரவில்லை.

என்ன செய்தார் தெரியுமா? குள்ளனை ஏமாற்றி, அவனுடைய தங்கத்தையும் மோதிரத்தையும் பறித்தார். அவற்றைக் கூலியாகக் கொடுத்தார். "இதை வைத்திருப்பவன் செத்துப்போவான்" என்று குள்ளன் சாபம் விட்டான். சாபம் உடனே பலித்தது. மோதிரத்துக்காக ஒரு ராட்சதன் தன் அண்ணன் தம்பி என்றும் பாராமல் மற்றவனைக் கொன்றான்!

பிறகு சீக்பிரீடு என்ற வீரன் வருகிறான். பாம்பாக மாறி மோதிரத்தைக் காத்த ராட்சதனைக் கொல்கிறான். நெருப்பு வளையத்துக்குள் தூங்கும் புருன்கில்டா என்ற பெண்ணை எழுப்பி, அவளிடம் மனதைப் பறிகொடுக்கிறான். சூழ்ச்சியால் அவனும் முதுகில் ஈட்டி பாய்ந்து சாகிறான். அவனுடைய சிதையில் புருன்கில்டாவும் பாய்ந்துவிடுகிறாள். மோதிரம் நதிக்கே திரும்புகிறது. கடவுளின் கோட்டை தீப்பற்றி எரிகிறது.

ஒரு வாக்குத் தவறியது. ஓர் உலகமே அழிந்தது!

26 வருட உழைப்பு

1848-ம் ஆண்டில் வாக்னர் இந்தக் கதையில் கை வைத்தார். மறு ஆண்டு டிரெஸ்டன் நகரில் புரட்சி நடந்தது. அதில் சேர்ந்ததால் அவரைப் பிடிக்க வாரண்டு பிறந்தது. சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஓடினார். அங்கே இருந்துகொண்டே எழுதினார், இசை அமைத்தார். நடுவில் 12 ஆண்டுகள் நாடகத்தைக் கட்டி வைத்துவிட்டார். 1874-ம் ஆண்டில்தான் வேலை முடிந்தது.

அவருக்கு எப்போதும் கடன் தொல்லை. 1864-ல் கடன்காரர்களுக்குப் பயந்து மறைந்து வாழ்ந்தார். அப்போது பவேரியா நாட்டில் லுட்விக் என்ற 18 வயது இளைஞர் பட்டத்துக்கு வந்தார். அவருக்கு வாக்னரின் நாடகங்கள் என்றால் உயிர். ஆள் அனுப்பித் தேடிப் பிடித்து, கடனை அடைத்தார்!

மழையில் அடிக்கல்

தன் நாடகத்துக்குத் தனிக் கொட்டகை வேண்டும் என்றார், வாக்னர். பைரூத் என்ற சிற்றூரில் 1872 மே 22-ந் தேதி, கொட்டும் மழையில் அடிக்கல் நாட்டினார். அன்று அவருக்கு 59-வது பிறந்த நாள்.

1,000 பேரிடம் தலைக்கு 300 தாலர் வசூலிப்பது திட்டம். (தாலர் என்பது அந்தக் கால ஜெர்மன் வெள்ளி நாணயம்.) பணம் சேரவில்லை. வேலை நின்றுவிடும்போல் இருந்தது. 1874-ல் ராஜா 1 லட்சம் தாலர் கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டார்.

புதுமையான கொட்டகை அது. வாத்தியக்காரர்கள் மேடைக்குக் கீழே பள்ளத்தில் மறைந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். இசை மட்டும் மிதந்து வரும்!

கழுத்து இல்லாத பாம்பு

1876 ஆகஸ்டு 13-ந் தேதி நாடகம் தொடங்கியது. ஜெர்மன் சக்கரவர்த்தி வந்தார். பிரேசில் சக்கரவர்த்தியும் வந்தார்.

நீர்க் கன்னியர் நீந்த வேண்டுமே! சக்கர வண்டியில் உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியில் பாடகிகளைக் கட்டிவைத்தார்கள். கீழே ஆட்கள் வண்டியைத் தள்ளினார்கள். பார்த்தவர்களுக்கு நீந்துவதுபோலவே இருந்தது.

ஆனால், முதல் நாளே கோளாறு. ஒரு திரையைத் தவறான நேரத்தில் தூக்கிவிட்டார்கள். பின்னால் சட்டையோடு நின்ற வேலைக்காரர்கள் எல்லோர் கண்ணிலும் பட்டார்கள்! பாம்பை லண்டனில் செய்யச் சொல்லியிருந்தார்கள். அதன் கழுத்து மட்டும் வந்து சேரவில்லை. தலையை உடம்போடு ஒட்டி ஒப்பேற்றினார்கள்.

முழு நாடகமும் 3 முறை நடந்தது. புகழ் பரவியது. கணக்குப் பார்த்தால், ஏறத்தாழ 1 லட்சத்து 48 ஆயிரம் மார்க் நஷ்டம்! பணம் திரட்ட லண்டனுக்குப் போய்க் கச்சேரி நடத்தினார், வாக்னர். அதிலும் பெரிய லாபம் இல்லை. காட்சித் திரைகளைக்கூட விற்க நேர்ந்தது. 1883-ல் அவர் காலமானார். அந்த நாடகம் பைரூத்தில் மறுபடி நடந்தது 1896-ல்தான். நடத்தியவர், அவருடைய மனைவி கோசிமா.

அழியாத களங்கம்

வாக்னர் மேதை. ஆனால், அவரிடம் பெரிய குறை ஒன்று இருந்தது. யூதர்களை இழிவுபடுத்தி 1850-ல் ஒரு கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் ஹிட்லர் அவருடைய இசையைக் கொண்டாடினான். அந்தக் களங்கம் இன்றும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கித்தாரும் முரசும்

கதை மட்டும் பழசாகவில்லை. 2007-ல் ஜெர்மனியின் பான் நகரில், இதே மோதிரக் கதை ராக் இசை நாடகமாக மேடை ஏறியது. இசை அமைத்தவர் பிராங்க் நிம்ஸ்கெர்ன். வாக்னரின் நாடகத்தை முழுதும் பார்க்க 4 நாளில் சுமார் 15 மணி நேரம் வேண்டும். ராக் நாடகமோ ஒரே இரவில் முடிந்துவிடும்!

பைரூத் கொட்டகை இன்றும் இருக்கிறது. கோடைதோறும் அங்கே வாக்னரின் நாடகங்கள் நடக்கின்றன. ராஜாவிடம் வாங்கிய கடனை, வாக்னருக்குப் பின் அவருடைய குடும்பத்தார் கொடுத்துத் தீர்த்தார்கள்.

கூலி கொடுக்காத கடவுளின் கோட்டை எரிந்தது. கடனை அடைத்த மனிதரின் கொட்டகை நிற்கிறது!